பாதி எக்ஸ்ரே

வெடி விபத்தில் செத்தவர்களைத் தலை முதல் கால் வரை, உடுப்பைக்கூடக் கழற்றாமல் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தொட வேண்டும். பதினொரு வருடமாக மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்தியவள் நான். அன்று காலை கல்குவாரியில் வெடிமருந்து அறை வெடித்து நான்கு உடல்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிடத்துக்கொரு முறை பிரேத அறைக் கதவைத் தட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இடுப்பு வரைக்கும் எடுத்தா போதும்," என்று எக்ஸ்ரேக்காரனை விரட்டினேன். ஒல்லி ஆள், எலும்பு என்றுதான் கூப்பிடுவோம்.

"முழுசா எடுத்துடறேனே மேடம்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

மூன்றாவது உடலின் படத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய். வெடிக்காத டெட்டனேட்டர், வெடிமருந்தைப் பற்ற வைக்கும் குப்பி. வெடிகுண்டு நிபுணர் வந்து, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அதை எடுத்து மணல் வாளியில் வைத்தார்.

"இது ஒண்ணுதானே டாக்டர்?"

"ஒண்ணுதான்," என்றேன். அவர் ஜீப்பில் கிளம்பினார்.

உள்ளே போனதும் பிரேத அறை உதவியாளர் சிரித்தார். என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி. "எமனே பயந்து ஓடிட்டான் டாக்டரம்மா. சட்டுனு முடிப்போம், மத்தியானம் மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கணும்." பொருள்களைப் பட்டியலிட, அதே பிணத்தின் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்.

எலும்பு மூச்சிரைக்க ஓடி வந்தான். "திட்டினா திட்டுங்கன்னு அப்பவே கீழேயும் எடுத்தேன் மேடம், படம் இப்பதான் வந்துச்சு. பாக்கெட்ல இன்னொண்ணு இருக்கு!"

அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. "விரல்ல ஒரு கம்பி சிக்கியிருக்கு," என்றார் மெல்ல.

"அசையாதீங்கண்ணே."

ஜீப்பைத் திருப்பிக் கூட்டிவர எலும்பை ஓட விட்டேன். அண்ணனின் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கினால் கம்பி இழுபடும், இழுபட்டால் வெடிக்கலாம். கிட்டே போய் அவர் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"வெளிய போங்க டாக்டரம்மா. உங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கதவைக்கூட ஒரு முறை பார்த்துவிட்டேன்.

"ஒண்ணுதான்னு சொன்னவ நான்தாண்ணே. பேசாம இருங்க."

வாசலில் ஜீப் சத்தம் இன்னும் கேட்கவில்லை.