மெட்டி கேட்ட கேள்வி

மொரப்பூர் ரயிலடிக்குப் பக்கத்து ஊர் அது. பட்டாளத்துக் கடுதாசி வந்தால், உரியவளுக்கு முன்னால் ஊர் வந்து உட்கார்ந்துவிடும். 1937 ஆவணியில் செல்லம்மாளுக்கு வந்த உறையை, பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த ஜமேதார் சவுரியப்பன் பிரித்தபோது வாசலில் பதினேழு பேர்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெங்களூர்ப் பட்டாளத்தில் சேர்ந்து வடமேற்கு எல்லையில் ரோடு போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் மாதுவையும் கூட்டாளிகள் இருவரையும் மலைக்காரர்கள் எல்லைக்கு அப்பால் தூக்கிப்போய் ஒரு மாதம். பட்டாளம் ஏரோப்ளானில் பறந்து எச்சரிக்கைக் காகிதம் போட்டதும், பீரங்கி இழுத்துப்போய் எல்லையில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வாய் வழியாக ஊருக்கு வந்தன. அவள் கணக்கில் பீரங்கிகள் வாரத்துக்கு வாரம் குட்டி போட்டன.

உறைக்குள்ளிருந்து வெள்ளி மெட்டி ஒன்று விழுந்தது. செல்லம்மாளின் இடது கால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஏரியில தொலைஞ்சுதுன்னியேடி!" என்றாள் பாஞ்சாலி.

ரெண்டு வருஷமாக அந்த மெட்டியை மென்றே பொழுது போக்கியவள் அவள். மாது பிடிபட்ட சேதி வந்த அன்றுகூடக் கிணற்றடியில், "மெட்டியத் தொலைச்சவ, இப்ப புருசனையும் தொலைச்சுட்டா" என்று சொன்னாள். செல்லம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். மாமியாரின் ஏச்சையும் அப்படித்தான் விழுங்கினாள். கட்டினவனே பெண்டாட்டி மெட்டியைக் கழற்றினான் என்று தெரிந்தால், ஏச்சு அவனுக்கல்லவா போகும்?

சவுரியப்பன் படித்துச் சொன்னார். "உன் புருசன் உசுரோட இருக்கான்னு காட்ட மலைக்காரனுங்க இத அனுப்பியிருக்கானுங்க. துரைக்கு நம்பிக்கையில்ல. செத்தவன் மடியிலருந்துகூட எடுத்திருக்கலாமாம். மாதுவுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வி வேணும். பதில் சரியா வந்தா, நம்ம பிடிச்சு வெச்சிருக்கிற அவனுங்க ஆளுங்கள விட்டு நம்ம மூணு பேரையும் மீட்பாங்க. வரலைன்னா பீரங்கிதான்."

"கல்யாணத்துல பந்தியில யாரு வழுக்கி வுழுந்தான்னு கேளு" என்றாள் பாஞ்சாலி.

"அது ஊருக்கே தெரியுமே, நீதான!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

செல்லம்மாள் மெட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மாமியார் அங்கேதான் நின்றாள். அவளைப் பார்க்காமல் செல்லம்மாள் சொன்னாள்: "ஐயா, இத ஏன் கழட்டிக்கிட்டுப் போனீங்கன்னு கேளுங்க."

வாசலே வாயைப் பிளந்தது. பதிலை அவள் ஜமேதார் காதில் மட்டும் சொன்னாள். அவர் அதைத் தனியாக எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் பாஞ்சாலிக்குச் சோறு இறங்கவில்லை. ஜமேதார் வீட்டுக்கு ரெண்டு முறை கீரை கொண்டுபோனாள், ஒரு முறை கோழியே கொண்டுபோனாள். மனுஷர் கோழியைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை.

செல்லம்மாளுக்கோ வேறு பயம். அத்தனை அற்ப விஷயம். ஆணுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? உயிரோடிருந்தும் மறந்து தொலைத்தால்?

பதில் வந்தது. சவுரியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'மெட்டி இறுக்கி அவள் விரலில் புண். ரயிலடியில் எண்ணெய் போட்டு நானே கழற்றினேன். பெங்களூரில் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னேன். செய்யவில்லை.' பதில் சரி. கைதி மாத்த உத்தரவு ஆயிடுச்சு. மூணு பேரும் உசுரோட இருக்காங்கம்மா."

செல்லம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் வந்து தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இரு, இன்னும் ஒண்ணு இருக்கு." ஜமேதார் காகிதத்தைத் திருப்பினார். "'புண் ஆறிவிட்டதா என்று கைதி கேட்கிறார். பதில் அனுப்பவும்.'"

ஆறி ரெண்டு வருஷம். தழும்புகூட இல்லை. செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆறலைன்னு எழுதுங்க. வந்து பாக்கச் சொல்லுங்க."

"பட்டாளத்துக்குப் பொய் எழுதச் சொல்றியா?"

பாஞ்சாலி முன்னால் வந்தாள். "பொய்யென்ன ஜமேதாரே? நான் காலையிலதான் பாத்தேன். சீழ் வெச்சிருக்கு. எழுதுங்க."