மூன்றாவது இதழும் மாப்பிள்ளையும்

திருமங்கலத்து மண்டபத்தில் நடக்கவிருந்த வரவேற்புக்கு மேடை ஒரு தாமரை. எட்டு இதழ்கள். ஒவ்வொன்றும் ஃபைபரில் செய்தது, ஆளைவிட உயரம், எடை பன்னிரண்டு கிலோ. முதலில் மொட்டாகக் கூம்பியிருக்கும். உள்ளே பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு வட்டத் தட்டில் நிற்பார்கள். பாட்டு தொடங்கியதும் இதழ்கள் விரியும், தட்டுகள் மெல்ல எழும்பும். கூட்டம் கைதட்டும். திட்டம் இவ்வளவுதான்.

அந்தத் தாமரையைக் கணினிக்குள் அசைத்துப் பார்ப்பது நாகஜோதியின் வேலை. இயற்பியல் படித்தவள். ஆனையூரில், மேடை கட்டுவதோடு வரனும் பார்த்துக்கொடுக்கும் சிவக்குமாரின் பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மனிதர்களிடம் பேசுவது அவளுக்குப் பெருந்தொல்லை. மென்பொருளிடம் அந்தத் தொல்லை இல்லை. நகரும் இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொட்டால் சிவப்பு காட்டும், தொடாவிட்டால் பச்சை. ஏன் இளைத்துப்போனாய், எப்போது கல்யாணம் என்றெல்லாம் கேட்காது.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பதிலாகத் தட்டுகளில் இரண்டு பொம்மைகளை நிறுத்த வேண்டும். அதற்கு உயரம் தெரிய வேண்டும்.

“அளவெடுக்கப் போகணுமாண்ணே?”

“எதுக்குத்தா அலைச்சல்? என் வழியா முடிஞ்ச சம்பந்தம்தான. ரெண்டு வீட்டு பயோடேட்டாவும் என் போன்ல கெடக்கு. பொண்ணு அஞ்சடி அஞ்சு, மாப்ள அஞ்சடி எட்டு. மாப்ளைக்குத் தலைப்பாகை ஒரு அஞ்சு இஞ்ச் சேத்துக்க.” போகிற போக்கில் சிவக்குமார் இன்னொன்றையும் சொன்னார். “யாரு தலையிலயாவது இதழு இடிச்சுச்சு, நீ வேற பட்டறை பாத்துக்க.”

நாகஜோதி பொம்மைகளை நிறுத்தி ஓட்டினாள். பச்சை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்தது. பேசியது கல்யாணப் பெண் தமிழ்வாணி.

“அந்த இதழு தலையில இடிக்காதுல்லங்க?”

“இடிக்காதுங்க. அஞ்சடி அஞ்சுக்குப் பாத்துட்டேன்.”

தமிழ்வாணியின் குரல் தணிந்தது. “நான் அஞ்சடி எட்டுங்க. ஒசரம் ஜாஸ்தின்னு ரெண்டு எடம் தட்டிப்போச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா மூணு இஞ்சை வெட்டிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. என் தட்டை மட்டும் நாலு இஞ்ச் எறக்கி வையுங்க.”

நாகஜோதி சரியென்றாள். சரியென்று சொல்வது அவளுக்கு எப்போதும் எளிது.

மறுநாள் இன்னொரு போன். மாப்பிள்ளை சூர்யபிரகாஷ், ஓசூரிலிருந்து.

“சிஸ்டர், உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நான் அஞ்சடி எட்டு இல்ல. அஞ்சடி ஆறுதான். வெளிய தெரிய வேணாம். என் தட்டை ஒரு நாலு இஞ்ச் ஏத்திருங்களேன்.”

அதற்கும் சரியென்றாள்.

போனை வைத்தபின்தான் கணக்கு உறைத்தது. உண்மையில் பெண் மாப்பிள்ளையைவிட இரண்டு அங்குலம் உயரம். இரண்டு பேர் கேட்டபடியும் செய்தால் மாப்பிள்ளை பெண்ணைவிட ஆறு அங்குலம் உயர்ந்து, கோயில் கோபுரம்போல் நிற்பார்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. மென்பொருள் இடைவிடாமல் பார்ப்பதில்லை. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்க்கும். பட்டறைக் கணினி பழையது என்பதால் அரை நொடிக்கு ஒருமுறை பார்க்கும்படி அவள் வைத்திருந்தாள். மொட்டைக் கூம்பவைத்திருக்கும் பூட்டு விடுபடும்போது ஒவ்வோர் இதழும் ஒருமுறை உள்பக்கமாகத் தலையாட்டிவிட்டுத்தான் வெளியே சாயும். அந்தத் தலையாட்டல் கால் நொடிகூட நீடிக்காது. இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் என்ன நடந்தாலும் மென்பொருளுக்குத் தெரியாது.

நொடிக்கு நூறுமுறை பார்க்கச் சொன்னாள். கணினி அரைமணி நேரம் முனகியது. பயோடேட்டா உயரத்துக்குத் தாமரை ஓர் அங்குலத்தில் தப்பித்திருந்தது. தட்டு ஏறிய மாப்பிள்ளைக்கோ சிவப்பு. மூன்றாவது இதழ் தலைப்பாகைக்குள் ஓர் அங்குலம் புகுந்திருந்தது.

சூர்யபிரகாஷுக்கு போன் செய்தாள்.

“தலைப்பாகை இல்லாம இருந்தா நல்லதுங்க.”

“அதுலதான் சிஸ்டர் கொஞ்சம் ஒசரம் கெடைக்குது.”

“அப்பத் தட்டை எறக்கிரலாமா?”

“அய்யய்யோ. அவங்க என்னைய விடக் கொஞ்சம் ஒசரமோன்னு சந்தேகமா இருக்கு சிஸ்டர்.”

சந்தேகம் இல்லை, உண்மைதான் என்று சொல்ல முடியாது. சொல்லமாட்டேன் என்று தமிழ்வாணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் இவரைப் பற்றியும் சொல்ல முடியாது. பேசாமல் விட்டால் அடுத்த புதன்கிழமை வரவேற்பில் பன்னிரண்டு கிலோ இதழ் ஒரு மாப்பிள்ளையின் தலையில் இறங்கும்.

நாகஜோதி ஒரு செய்தி தட்டினாள். ‘நாளை ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பட்டறையில் மேடை ட்ரையல். தனியாக வரவும். செருப்பு, ஷூ இல்லாமல் நிற்க வேண்டும்.’ அதையே இரண்டு பேருக்கும் அனுப்பினாள். மற்றவர் வருவாரா என்று இருவருமே கேட்கவில்லை. கேட்காததற்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை சிவக்குமார் ஒரு காதுகுத்துக்கு வாடிப்பட்டி போயிருந்தார். தமிழ்வாணி முன்னதாகவே வந்து தட்டில் ஏறி நின்றுகொண்டாள். சரியாகப் பதினொன்றுக்கு சூர்யபிரகாஷ் உள்ளே வந்தார். வெறுங்காலோடு அவளைப் பார்த்ததும் அவர் கால் தானாக வாசலில் கழற்றிய ஷூவைத் தேடிப் பின்னால் போனது.

“ஷூவோட ஏறக் கூடாதுங்க” என்றாள் நாகஜோதி, கணினித் திரையைப் பார்த்தபடியே.

வேறு வழியில்லை. அதே மட்டத்தில் இருந்த பக்கத்துத் தட்டில் ஏறினார். தமிழ்வாணி வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எவ்வளவு குறுக்கியும் அவள் கண்ணுக்கு நேரே மாப்பிள்ளையின் நெற்றிதான் இருந்தது.

“அஞ்சடி எட்டு?” என்றாள்.

“அஞ்சடி அஞ்சு?” என்றார்.

“எங்கம்மா போட்டது.”

“எனக்கு எங்க அத்தை போட்டது.”

“நிச்சயதார்த்தத்துல ஒசரமாத்தான இருந்தீங்க?”

“ஷூ. உள்ள அட்டை வேற வச்சிருந்தேன். நீங்க?”

“குனிஞ்சே நின்னேன். ரெண்டு நாளு முதுகுவலி.”

“அடக்கமான பொண்ணுன்னு நெனச்சு வீடெல்லாம் சொல்லிட்டேனே.”

“அந்த நெனப்பு வேறயா!”

சூர்யபிரகாஷ் திரும்பினார். “சிஸ்டர், இவங்களும் உங்களுக்கு போன் பண்ணாங்களா?”

நாகஜோதி திரையை அவர்கள் பக்கம் திருப்பி, ஒரு பொத்தானை அழுத்தினாள். தாமரை மொட்டின் பூட்டு விடுபட்டது. ஒரு பொம்மை தாழ்ந்த தட்டிலும் மற்றொன்று உயர்ந்த தட்டிலும் நின்றன. மூன்றாவது இதழ் குனிந்து அதன் மண்டையில் செல்லமாக ஒரு போடு போட்டது. திரை சிவந்தது.

“அடி வாங்குறது யாரு?” என்றாள் தமிழ்வாணி.

“அவருங்க.”

“இன்னொருக்கா போடுங்க.”

மூன்றுமுறை போடச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். நான்காவது முறை அவரே கேட்டார்.

“ரெண்டு தட்டும் ஒரே மட்டத்துல இருந்தா இடிக்காது” என்றாள் நாகஜோதி. அன்றைக்கு அவள் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். “தலைப்பாகையும் இல்லைன்னா அவருக்கு எட்டு இஞ்ச் இடைவெளி கெடைக்கும்.”

“எல்லாரும் பாப்பாங்களே” என்றார் சூர்யபிரகாஷ்.

“பாக்கத்தான மேடை போடுறோம்” என்றாள் தமிழ்வாணி.

புதன்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பாட்டு எழுந்தது. பூட்டுகள் விடுபட்டன. எட்டு இதழ்களும் ஒருமுறை உள்ளே தலையாட்டின. நாகஜோதி மூன்றாவது இதழை மட்டும் பார்த்தாள். அது தமிழ்வாணியின் கொண்டைப் பூவையும் தொடவில்லை, மாப்பிள்ளையின் வெறுந்தலையையும் தொடவில்லை. நல்ல பிள்ளையாக வெளியே சாய்ந்தது. தட்டுகள் எழும்பின. கைதட்டல் தொடங்கி, பாதியில் நின்றது.

முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை சீனியம்மாள் எழுந்தார். “என்னப்பா சிவக்குமாரு, மேடை ஒரு பக்கம் சாஞ்சிருக்கு? எங்க பய குட்டையாத் தெரியுறான்!”

தன் மேடையைக் குறை சொன்னால் சிவக்குமாருக்குத் தாங்காது. “யாரு மேடைய சாஞ்சிருக்குன்றீங்க? ஏத்தா ஜோதி, அந்த ரசமட்டத்தை எடு!”

மேலே ஏறி, இரண்டு தட்டுக்கும் குறுக்கே ரசமட்டத்தை வைத்தார். கண்ணாடிக்குள் குமிழி நட்டநடுவில் நின்றது. பாட்டுக்காரரிடமிருந்து மைக்கை வாங்கினார். “எல்லாரும் வந்து பாத்துக்கங்க. ஒரு நூல்கூடக் கோணல் கெடையாது. மேடை நேராத்தான் நிக்கிது. அப்பக் கோணல் எங்கன்னா...”

அங்கே நின்றுவிட்டார். இரண்டு பயோடேட்டாவையும் வீடு வீடாக அனுப்பியவர் தான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சூர்யபிரகாஷ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “அத்தை, மேடை சரியாத்தான் இருக்கு. நீங்க எழுதிவிட்ட ரெண்டு இஞ்சைத்தான் காணோம்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தமிழ்வாணி முதுகை நிமிர்த்தி, தன் முழு ஐந்தடி எட்டுக்கும் நின்றாள்.

சிவக்குமார் இறங்கிவந்து நாகஜோதியின் காதருகே கேட்டார். “உனக்கு முன்னாடியே தெரியுமாத்தா?”

“எதுவும் இடிக்காமப் பாத்துக்கச் சொன்னீங்க. பாத்துக்கிட்டேண்ணே.”

அவர் அதற்குள் எங்கோ பார்க்கத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் சீனியம்மாள் உட்காரவில்லை. போன மாசிதான் அவருக்கும் மகளைக் கட்டிய ஒரு மருமகன் வந்திருந்தான், சிவக்குமார் பார்த்துக் கொடுத்த இடம், பயோடேட்டாவில் ஐந்தடி பத்து. அத்தையின் பார்வை அவன் தலையில் தொடங்கி ஷூவரைக்கும் இறங்குவதைப் பார்த்ததும் அவன் சாப்பாட்டுக் கூடத்துக்கு விரைந்தான். சிவக்குமார் அவனுக்கு முன்பே போய்விட்டார்.