விழாத டிரிப்பர்

எங்கள் வீட்டு டிரிப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று முதலில் கிண்டல் செய்தது நான்தான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், டக்கென்று கீழே விழுந்துவிடும். தூக்கிவிட்டால் ஒரு நொடி யோசிக்கும், மறுபடி விழும். வீடு இருட்டாகிவிடும்.

மத்திகிரியில் கோவிந்தப்பனுடைய லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. எங்கள் பின்சுவரைத் தாண்டினால் அவருடைய ராகிக் கொல்லி, அதாவது ராகி வயல். அந்தக் கொல்லியின் வரப்பு வழியாக நடந்தால் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குச் சுருக்கப் பாதை. என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருந்தார். எந்த ஷிப்டாக இருந்தாலும் அந்த வரப்பில்தான் போவார், வருவார்.

டிரிப்பரை வாங்கி மாட்டியவரும் அவர்தான். கூட வேலை செய்தவரின் மனைவி வாட்டர் ஹீட்டர் வாளியில் கையை விட்டுச் செத்துப்போன மறுவாரம் பெங்களூர் போய் வாங்கிவந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. போன கரண்டு போன வழியே திரும்பி வரவேண்டும், நடுவில் எங்காவது மண்ணுக்கு ஒழுகினால் இது உடனே கட் பண்ணிவிடும் என்று விளக்கினார். அதில் மஞ்சளாக ஒரு பட்டன் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை அதை அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார். அமுக்கினால் நெம்புகோல் விழுந்து வீடு அணைய வேண்டும். அணைந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஏன் அமாவாசை என்றால், மாதத்தில் ஒருநாள் என்று சொன்னால் நான் மறந்துவிடுவேனாம். வீடு கழுவுகிற நாள் என்றால் ஞாபகம் இருக்குமாம்.

மழை விட்டு ராகி கதிர் பிடித்த சமயத்தில்தான் இந்தச் சாயங்காலக் கோளாறு ஆரம்பித்தது. அவருக்கு அந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட். கம்பெனிக்குக் கிளம்பும்போதே எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார்.

"எல்லா பிளக்கையும் புடுங்கிடு. அப்பறம் டிரிப்பர முழுசா கீழ தள்ளிட்டு மேல தூக்கு. நின்னுச்சின்னா ஒன்னொன்னா சொருகு. எத சொருகறப்ப விழுதோ, அதான் திருடன்."

நானும் போலீஸ்காரி மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தேன். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, டிவி, ஹீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கித் தரையில் வரிசையாக வைத்தேன். டிரிப்பரைத் தூக்கினேன். விழுந்தது. எல்லாத் திருடர்களும் கண்ணெதிரே கட்டிப்போட்டது போலக் கிடக்க, திருட்டு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. மறுநாள் காலையில் அதே டிரிப்பர் சாதுவாக நின்றது, பகல் முழுக்க அசையவில்லை. சாயங்காலம் விழுந்தது.  இருட்டினால் மட்டும் வருகிற கோளாறு எப்படிப்பட்ட கோளாறு?

கோவிந்தப்பனின் மனைவி சரோஜம்மாளிடம் சொன்னேன். அவர் போய்ச் சொல்லியிருப்பார் போல, கோவிந்தப்பனே வந்து நின்றார். தினமும் வாடகைக்காரர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். வாசலில் நின்றபடி டிரிப்பரையே பார்த்தார்.

"அந்த டப்பாவ கழட்டி வீசும்மா. எங்கப்பன் காலத்துல இருந்து இந்த வூட்ல கரண்டு கீது. ஒரு ஈ காக்கா செத்ததில்ல. டைரக்ட் குடுத்தா ஜம்முனு எரியும்."

"அவரு வரட்டும்ண்ணா. அவரு பாத்துக்குவாரு."

"அவரு என்னா பாக்கறது. பிடம்மா, பிடு." விடு என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

என் வீட்டு விளக்கு அணைந்தால் இவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பனுக்கு லீவு. பொழுது சாயும்வரை காத்திருந்து, டிரிப்பர் விழுந்ததும் வேலையை ஆரம்பித்தார். ஹாலுக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டுத் தூக்கினார், விழுந்தது. சமையலறை வயரைக் கழற்றினார், விழுந்தது. பின்பக்கத்துக் குளியலறைக்குப் போகிற வயரைக் கழற்றினார். நின்றது. அங்கே இருப்பது ஒரே ஒரு பல்பு. இருவரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனோம்.

குளியலறையின் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில், பல்பு ஹோல்டருக்கு வருகிற வயரைச் சுரண்டி இன்னொரு வயரை முறுக்கியிருந்தார்கள். அது சுவரேறி, ஆமணக்குச் செடிக்குள் நுழைந்து, கொல்லிக்குப் போனது. டார்ச் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள், குச்சிகளின் தலையில் சைக்கிள் டியூப் துண்டுகள், அவற்றின்மேல் மொட்டைக் கம்பி. ராகிக் கொல்லியைச் சுற்றி, வரப்பை ஒட்டியே அது ஓடியது. பனியில் நனைந்த கதிர்கள் அதன்மேல் சாய்ந்துகிடந்தன.

"இது பக்கத்துலதான் தெனமும் நடந்து வந்தனா?" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. 

அப்போதே போய்க் கோவிந்தப்பன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் மறைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பன்னிங்க ஏரிக்கரை புதர்ல இருந்து எறங்குது கிருஷ்ணப்பா. ஒரே ராத்திரில பாதி கொல்லிய ஒழப்பிட்டுப் போவுது. பம்புசெட் கரண்ட முறை வெச்சி வுடறானுங்க. வூட்டு லைன்தான் விடிய விடிய நிக்குது. உங்க வூடுதான் கொல்லிக்குப் பக்கம். பொழுது சாஞ்சா கம்பில மாட்டறன், விடிஞ்சா கழட்டிடறன்."

"மனுசன் மிதிச்சா என்னாண்ணா ஆவறது?"

"ராத்திரில என் கொல்லில எவனுக்கு என்னா வேல?"

"எனக்கு வேல இருக்குதுண்ணா. நான் அதுலதான வரன்."

 "ரோட்டு மேல வந்தா கால் தேஞ்சா போயிடும்?" என்றார் கோவிந்தப்பன். சரோஜம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நேராகக் குளியலறைக்கு வந்து, கட்டிங் பிளேயரால் அந்த வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றினார். கோவிந்தப்பன் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வருவார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். "சரி, பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு சாந்தம் அந்த மனிதரிடம் நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து டிரிப்பர் விழவில்லை. கோளாறு தீர்ந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். நடுவில் ஒருநாள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, வயர்மேன் ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தார். வெளியே போனால் சாவியை ஓனர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அந்த லைன் வீடுகளின் வழக்கம். "எல்லா வூட்டுக்கும் வயரிங் பாக்கச் சொன்னாரு லட்சுமி. உங்க வூட்ல ஒன்னும் பழுதில்லயாம்" என்று சரோஜம்மாள் சாவியோடு ஒரு முறம் அவரைக்காயும் கொடுத்தார். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். விடிகிற நேரத்தில் பஸ் அவரை இறக்கிவிடும். கார்த்திகை மாதப் பனி, எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாமல் இறங்கிக்கிடந்தது. அன்றைக்கு அமாவாசை. எழுந்து வீடு கழுவினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஞாபகமாக டிரிப்பரின் மஞ்சள் பட்டனை அமுக்கினேன்.

டக்கென்று நெம்புகோல் விழுந்தது. விளக்கு அணையவில்லை.

நான் பல்பைப் பார்த்தேன், டிரிப்பரைப் பார்த்தேன். டிரிப்பர் பலகையை மாட்டியிருந்த ஸ்க்ரூக்களில் புதுக் கீறல்கள் இருந்தன. பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், உள்ளே வருகிற வயரையும் வெளியே போகிற வயரையும் ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டிரிப்பர் சும்மா அலங்காரத்துக்கு நின்றிருக்கிறது. இத்தனை நாள் அது விழாமல் இருந்தது கோளாறு தீர்ந்ததால் இல்லை.

பின்னால் ஓடினேன். அவர் டேப் சுற்றிய முனை அப்படியே இருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஷீட்டின் இன்னொரு மூலையில், புது வயர் ஒன்று சுவரேறிப் போயிருந்தது.

அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் அது. ஏங்க என்று கொல்லிப் பக்கம் பார்த்துக் கத்தினேன். என் சத்தம் பனிக்குள் நாலடி போயிருக்காது. வயரைக் கையால் பிடுங்கவும் பயம். வீட்டில் அணைப்பதற்கு இருந்தது அந்த டிரிப்பர் ஒன்றுதான், அதுதான் ஊமையாகிவிட்டதே. அப்போதுதான் ஓனர் வீட்டு நடையில் இருக்கும் மெயின் போர்டு ஞாபகம் வந்தது. மொத்த லைனுக்கும் கரண்டு அங்கிருந்துதான். வாடகைக்காரர்கள் அதில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பீஸ் கட்டையைப் பிடித்து இழுத்தேன். எல்லா வீட்டு விளக்கும் ஒன்றாக அணைந்தது.

சரோஜம்மாள் வெளியே வந்தார். "யாரது போர்டுல கை வெச்சது? லட்சுமியா? உனக்கு என்னா கிறுக்கா? வெந்நீர் வெச்சிருக்கறன், போடு அத!"

"உங்க வூட்டுக்காரர எங்க வூட்ல இருந்து இழுத்த வயர எடுக்கச் சொல்லுங்க, அப்பறம் போடறன்."

"காத்தால எழுந்ததும் ஆரம்பிச்சிட்டியா? போடுன்னா போடு."

"மாட்டன்க்கா. என் புருசன் அந்த வழிலதான் வராரு. எங்க உங்க வூட்டுக்காரரு? கூப்புடுங்க."

"கொல்லிக்குப் போயிருக்காரு. பன்னி கத்துச்சின்னு அப்பவே எழுந்து டார்ச்ச எடுத்துகிட்டுப் போனாரு." அவர் என் கையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கப் பார்த்தார். நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"கம்பில கரண்டோட எப்படிப் போனாரு?"

"பன்னி மாட்டுனா உங்க டப்பா விழுந்துரும், அப்பறம் கம்பில ஒன்னும் இருக்காது. அவரு எப்பவும் அப்படித்தான போவாரு. வழி வுடு, பொழுது விடிஞ்சா ஆயிரம் வேல கீது."

 டப்பாவை ஊமையாக்கச் சொன்னது கோவிந்தப்பன்தான். பன்னியின் சத்தம் கேட்டதும் தூக்கக் கலக்கத்தில் பழைய வழக்கப்படி எழுந்து போயிருக்கிறார். நான் எவ்வளவு நேரம் முன்னால் பீஸைப் பிடுங்கினேன், அவர் எவ்வளவு நேரம் முன்னால் போனார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாக வரவில்லை.

அப்போது தெருப்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு கிருஷ்ணப்பன் வந்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.  அவர் உயிரோடு இருந்தார், அது போதும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

"என்னா ஆச்சி? ஏன் எல்லா வூடும் இருட்டா கீது?"

"ரோட்டு வழியாவா வந்தீங்க?"

"வரப்புலதான் எறங்குனன். கொஞ்ச தூரத்துல யாரோ டார்ச்ச கீழ போட்டு வெச்சிருக்காங்க. எரிஞ்சிகிட்டே கெடக்குது, ஆட மாட்டங்குது. யாருன்னு ரெண்டு மூணு தடவ குரல் குடுத்தன், பேச்சில்ல. எனக்கு என்னமோ சரியாப் படல. திரும்பி ரோட்டு மேல வந்துட்டன்."

சரோஜம்மாள் நடையிலேயே நின்றார். இவர் சொன்னது அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மெதுவாக என்னிடம் வந்து, பீஸ் கட்டை இருந்த என் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கைகள் சில்லென்று இருந்தன.

"போட்றாதடி லட்சுமி" என்றார். "அத மட்டும் போட்றாத."