முறைக்காரியின் மைக்

தாம்பரத்தில் செய்தியாளர் கூட்டம் என்றால் மேஜை நிறைய மைக் இருக்கும். டிவியில் பார்க்கிறவர்கள், அடேயப்பா எத்தனை சேனல் என்று வாயைப் பிளப்பார்கள். அதில் உயிரோடிருப்பது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சேனல் லோகோ மாட்டிய செத்த மைக். புறநகர் நிருபர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. முறைக்காரர், அதாவது அன்றைக்கு முறை வருகிறவர், தன் மைக்கை வைத்துப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்புவார். மற்றவர்கள் லோகோவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். முறையை மீறித் தனியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு அப்புறம் எவனும் ஒரு காட்சிகூடக் கொடுக்கமாட்டான்.

காந்திமதி சேலையூரில் ‘கேம்ப் ரோடு செய்திகள்’ நடத்துகிறாள். நிருபர், கேமரா, எடிட்டிங், செய்தி வாசிப்பு எல்லாம் அவளே. உள்ளூர் கேபிளிலும் யூடியூபிலும் வரும். மைக் முறையில் அவளும் உண்டு. போன மாதம் பாக்கியம் நகரில் புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. ரிப்பன் வெட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது, கைதட்டினார்கள். மறுநாள் அவள் போய்ப் பார்த்தால் குழாயில் காற்றுதான் வந்தது. தொட்டிக்கு இன்னும் பைப்லைனே வரவில்லை, விழாவுக்காக லாரித் தண்ணீரை ஏற்றினார்கள் என்று தெருவே சொன்னது. சொன்னவர்கள் முகத்தோடு அப்படியே போட்டாள்.

பிடித்தது சனி. தொட்டி கட்டிய அரசு அலுவலகத்தில் மக்கள் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ், முதல் வேலையாகப் பத்திரிகைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கினார். அடுத்து, கேபிள்காரருக்கு எங்கிருந்தோ ஒரு போன். அவள் சேனல் இருந்த இடத்தில் பக்திப் பாட்டு ஓடியது. கடைசியாக நோட்டீஸ் வந்தது. செய்தி பொய், வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்காவிட்டால் போலீஸில் புகார் என்றிருந்தது. நீக்கிவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் அப்புறம் எந்தத் தெரு அவளை நம்பி வாயைத் திறக்கும்? அவளுக்கென்று இருந்த சொத்தே அந்த நம்பிக்கைதான். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் நீக்கவில்லை.

செய்தியை மறுப்பதற்காக அந்த அலுவலகத்தின் பெரிய அதிகாரி செய்தியாளர்களைக் கூப்பிட்டார். காந்திமதிக்கு அழைப்பில்லை. அன்று முறை அசரியாவுடையது. அவன் ஒரு பெரிய சேனலின் தாம்பரம் நிருபர். அவன் மைக் ரிப்பேருக்குப் போயிருந்ததால் நேரே காந்திமதியிடம் வந்தான்.

“அக்கா, உன் மைக்கக் குடேன். சும்மா வூட்லதானே கீது?”

“எடுத்துனு போ. என் லோகோவ மட்டும் கழட்டாத.”

“பேஜாராயிடும்க்கா!”

“அப்போ மைக் இல்ல.”

அசரியா தலையில் அடித்துக்கொண்டு லோகோவோடு எடுத்துப் போனான்.

அங்கே நடந்ததை அவன் அனுப்பிய காட்சியில் பார்த்தாள். அதிகாரி வந்து உட்கார்கிறார். வணக்கம் சொல்ல வாயெடுத்தவர் கண்ணில் அந்த லோகோ படுகிறது. மனுஷனுக்கு முகம் சிவக்கிறது.

“இது எப்படி உள்ள வந்துச்சு? லாரித் தண்ணி ஊத்தினா என்ன இப்ப, அதுவும் தண்ணிதானே? அதப் போய் ஒரு நியூஸ்னு... எடுங்க இத மொதல்ல!”

குப்புராஜ் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி அணைக்கிறார். அதோடு சத்தம் போச்சு. மைக்கோடு இணைத்த கேமராவில் வேறு ஒலி ஏறாது. உயிரோடிருந்த ஒரே மைக் அதுதான் என்று சொல்ல அசரியா வாயெடுத்திருக்கிறான். அதிகாரி முறைத்த முறையில் மூடிக்கொண்டான். அப்புறம் அதிகாரி கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், காகிதங்களைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை.

காந்திமதி விழுந்து விழுந்து சிரித்தாள். வெகுநாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

மற்ற சேனல்கள் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று கைகழுவின. அரசு விளம்பரத்தை நம்பியிருக்கிறவர்கள் அந்த லாரிப் பேச்சைத் தொடுவார்களா? “போட்டா என் வேலை போயிடும்க்கா,” என்றான் அசரியா. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லையும் வெட்டாமல் தானே யூடியூபில் போட்டாள். சாயங்காலத்துக்குள் அது குன்றத்தூர் வரை போன் போனாகத் தாவியது. ஓட்டல்களில் சாம்பாரில் தண்ணீர் கூடிப்போனால்கூட, அதுவும் தண்ணிதானே என்று கிண்டலடித்தார்கள்.

அதிகாரிக்கு இப்போது மறுப்பைச் சத்தத்தோடு சொல்லியாக வேண்டும். மறுநாள் திரும்பவும் கூட்டம் என்று குப்புராஜ் குழுவில் போட்டார். ‘முறை காந்திமதியக்காவுது’ என்று அசரியா பதில் போட்டான். ‘ஆமாம் சார்’ என்றாள் இன்னொரு நிருபர் ஜான்சி. மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கினார்கள். இதில் வீரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒருத்தியின் முறையைக் கலைத்தால் நாளைக்குத் தன் முறையும் கலையும், அவ்வளவுதான். ஆனால் யாரும் மாறவில்லை.

வேறு வழியில்லாமல் குப்புராஜ் காந்திமதிக்குப் போன் செய்தார்.

“மேடம், நீங்களே வந்து எடுத்துக் குடுங்க. லோகோ மட்டும் வேணாமே.”

“லோகோ இல்லாம மைக் வராது சார்.”

“சரி, வாங்க,” என்றார்.

அதிகாரி லோகோவைப் பார்க்காமலே பேசினார். செய்தி பொய் என்றார், விஷமம் என்றார், போலீஸில் புகார் கொடுத்தாயிற்று என்றும் அவள் மைக்கிலேயே அறிவித்தார். காந்திமதி கேமராவை விட்டு அசையவில்லை. முறைக்காரியின் வேலை அது. ஒரு சொல் விடாமல் பதிந்தாள். அவர் எழப்போனபோது கேட்டாள்.

“சார், பாக்கியம் நகர் தொட்டிக்குப் பைப்லைன் குடுத்தாச்சா?”

“ரெக்கார்டிங்க நிறுத்துங்க.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். குப்புராஜின் கை மைக்கை நோக்கி நீண்டது. முந்தின கூட்டத்தின் நினைவு வந்திருக்க வேண்டும், பாதியில் இழுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு முறை என்னுது சார்,” என்றாள் காந்திமதி. “ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க.”