மூன்றாம் நாள் பக்கம்

பத்து வருஷமாகத் திரைச்சீலைக் கடையில் தைக்கிறவளுக்குத் துணியில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. கோபம் வந்தால் மட்டும் அவள் கை சும்மா இராது.

அண்ணனும் அண்ணியும் அவளைக் கடலோர வீடு ஒன்றுக்கு ஐந்து நாள் விடுமுறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அண்ணி தங்கமானவள்தான், ஆனால் அந்த அன்பு மூச்சு முட்டவைக்கும். முப்பத்தாறு வயதுக்காரியை "ஆழத்துக்குப் போகாத, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்று பொழுதுக்கும் துரத்தினாள். மூன்றாம் நாள் கரையில், நாலு பேர் பார்க்க, துண்டை எடுத்துத் தானே அவள் தலையைத் துவட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

அந்த ஐந்து நாளையும் அவள் துணிப் புத்தகமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு ஒரு பக்கம். பொறுக்கிய சிப்பி, படகுச் சீட்டு, அறுந்த வலைத்துண்டு, காய்ந்த விதைகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நூலால் கட்டிப் பதித்து, சுற்றிலும் பூத்தையல் போட்டாள். தைக்கும் முன், கடையில் துணிக்குக் குறி போடும் பேனாவால் கோடு போட்டுக்கொள்வாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் அந்த மை இருந்த இடம் தெரியாது.

அன்று அறைக்கு வந்தவள், அலை தைக்க வைத்திருந்த துணியில் ஆத்திரத்தைக் கொட்டினாள்: "பிள்ளை இல்லாத குறையை என்மேல் தீர்த்துக்கொள்கிறாள்." எழுதியதும் மனசு ஆறிவிட்டது. இஸ்திரி போட்டாள், மை மறைந்தது, அதன்மேல் நீல நூலில் அலைகளை ஓடவிட்டாள். ஊர் திரும்பியதும் புத்தகத்தை அண்ணிக்கே பரிசாகக் கொடுத்தாள். அதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

அண்ணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள். இரண்டு மாதம் கழித்து ஃபோன் செய்தாள்.

"புத்தகத்துல பூச்சி வருதுடி. அந்த விதையிலேர்ந்துதான் போல. என்ன பண்றது?"

"கவர்ல போட்டு ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வைங்க அண்ணி. எல்லாம் செத்துடும்."

வேறு யாரும் சொல்லவில்லை. தன் வாயாலேயே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, சமையலறையை ஒட்டிய மேஜையில் மூன்றாம் நாள் பக்கம் திறந்து கிடந்தது. அலைகளுக்கு நடுவே அவளுடைய கையெழுத்து. வெளிறித்தான் இருந்தது, ஆனால் ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. சூட்டில் போகிற மை கடுங்குளிரில் திரும்பி வரும் என்று பேனா விற்றவர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. திரைச்சீலையை யாராவது ஃப்ரீசரில் வைப்பார்களா என்று அன்று சிரித்தவள் அவள்தான்.

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எல்லாப் பக்கத்துலயும் கோடு தெரிஞ்சுது. தேச்சேன், போயிடுச்சு. இதை மட்டும் உனக்குன்னு விட்டு வச்சேன். பெட்டி சூடாத்தான் இருக்கு, உங்கண்ணன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தேச்சுடு."

அவள் பக்கத்தைப் புரட்டிப் போட்டுத் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தால் 'பிள்ளை' மட்டும் அரைகுறையாக நின்றது. மறுபடி தேய்த்தாள்.

"மன்னிச்சுடுங்க அண்ணி. கோவத்துல கிறுக்கிட்டேன். அதுல ஒரு வார்த்தைகூட நிஜமில்ல."

"நிஜமில்லன்னா உன்னை நாலு சாத்து சாத்தியிருப்பேன்." அண்ணியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன். நீ எழுதினது சரிதான்."

திட்டு வாங்கத் தயாராக நின்றவள் பெட்டியை மறுபடி துணியில் வைத்தாள்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "என்ன, லீவு நாள்லயும் இஸ்திரியா?"

"பூச்சி போகறதுக்கு," என்றாள் அண்ணி, கண் இமைக்காமல்.

அண்ணன் தங்கையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இந்த அலைப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அடுத்த வருஷமும் மூணு பேரும் போவோம்."

"அவளை எதுக்கு இழுக்கறீங்க? பாவம், சிநேகிதிங்களோட நிம்மதியா போய்ட்டு வரட்டும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நானும் வரேன் அண்ணி என்று சொல்லத்தான் நினைத்தாள். மை போன துணியையே தேய்த்துக்கொண்டு நின்றாள்.