ஒரு நிமிசமும் நிற்காத பெட்டி

கிண்ணியாவில் றுமைஸின் வீட்டுக்கு முகவரி தேவையில்லை. பெட்டரிக்காரர் வீடு என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஆனால் அது தொழிலால் வந்த பெயர் இல்லை. தொழில் என்று பார்த்தால் அவன் சீனக்குடாவில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் லொறிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். பெட்டரி அவனுக்குப் பிடித்த பைத்தியம். சிலருக்குப் புறா, சிலருக்குத் தூண்டில், இவனுக்குச் செத்துப்போன லப்டொப்.

திருகோணமலை டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடைகள் எறிகிற பழைய லப்டொப் பெட்டரிகளைக் கெஞ்சி வாங்கி வருவான். மேல் கோதை உடைத்தால் உள்ளே விரல் பருமனில் செல்கள் இருக்கும். அதில் ஒன்றிரண்டுதான் செத்திருக்கும், மற்றவை நல்ல உயிரோடு இருக்கும். ஊர் உலகம் எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் கொட்டுகிறது, நான் ஒருவன்தான் உயிருள்ளதைப் பிரித்தெடுக்கிறேன் என்று அவனுக்கு ஒரு பெருமை. அளந்து, தரம் பிரித்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைப்பான். அந்த டப்பாக்கள் மனைவி றுஷ்தா மாவு குழைக்க எடுத்து வைத்தவை. ஒவ்வொன்றாகக் குசினியிலிருந்து காணாமல் போய், ஈய மணத்தோடு அவனுடைய மேசைக்குக் கீழே போய்ச் சேரும். அவள் சண்டை பிடிப்பாள். அவன் சிரிப்பான். பிள்ளை இல்லாத வீடு. அவன் பெட்டரியை வளர்த்தான், அவள் பிரீசரை வளர்த்தாள்.

அந்தப் பிரீசர் றுஷ்தா தன் உழைப்பில் வாங்கியது. ரோல்ஸ், கட்லட், சமூசா எல்லாம் வீட்டிலேயே செய்து, பொரிக்காமல் உறையவைத்து, பொலித்தீன் உறையில் போட்டுப் பக்கெட்டாகக் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் தேவைப்படும்போது பொரித்துக்கொள்வார்கள். நோன்பு மாதம் வந்தால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. 'றுஷ்தாட ரோல்ஸ்' என்றால் மூதூரிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். விளம்பரப் பலகையும் இல்லை, கடையும் இல்லை, அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுடைய கைமுதல். அடுத்த வருஷமாவது பாலத்தடியில் ஒரு சின்னக் கடை எடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அதை அவள் றுமைஸைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷத்தைத்தான் நாடே மறக்காது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. ஊர்களை ஏ, பி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து, கரண்ட் எப்போது போகும் என்று அறிவித்தார்கள். அறிவித்த நேரத்தில் போனது, வருவதாகச் சொன்ன நேரத்தில் வரவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த பணக்காரர்கள்கூட டீசல் இல்லாமல் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். நோன்பு தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் றுஷ்தா புருஷனின் மேசைக்கருகே வந்து நின்றாள். இவ்வளவு காலமும் டோர்ச்சும் ரேடியோவும் செய்து ஊருக்குக் கொடுத்தீர்களே, எனக்கு ஒன்றே ஒன்று செய்து தாருங்கள், இந்தப் பிரீசர் நிற்கக்கூடாது என்று கேட்டாள்.

அவள் அவனிடம் அவனுடைய பைத்தியத்திலிருந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. றுமைஸுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்த்து வைத்த செல்களில் நல்லதெல்லாம் பொறுக்கி, ஈயம் ஒட்டி, பழைய இரும்பு ட்ரங்குப் பெட்டிக்குள் அடுக்கி, இன்வேட்டர் பூட்டி, ஒரு காற்றாடியும் வைத்தான். கரண்ட் இருக்கும்போது பெட்டி நிரம்பும், போனதும் பெட்டியே கொடுக்கும். பிரீசரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் குத்தினான். இனி அது அங்கேயே இருக்கும் என்றான். முதல் கரண்ட் கட்டில் தெருவே இருண்டு கிடக்க, குசினிக்குள் பிரீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. றுஷ்தா அதன் மூடியில் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் முடித்த புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சரி, அத்தோடு நின்றிருக்கலாம் அல்லவா? மனிதன் நிற்கிறானா?

பக்கத்து வீட்டார் ஒரு போன் கொண்டுவந்தார்கள். பிறகு எதிர்வீடு, பிறகு தெரு முழுவதும். விறாந்தையில் நீட்டு வயரில் போன்கள் வரிசையாகக் கிடந்தன. வருகிறவர்கள் எல்லாரும் றுமைஸ் நானா இல்லாவிட்டால் எங்கள் பாடு என்ன என்றார்கள். களஞ்சியத்தில் அவனை ஏய் சீட்டு என்று கூப்பிடுவார்கள். இங்கே ஹாஜிமார் கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனோடு கதை வைத்தார்கள். அந்த ருசி ஒரு தடவை நாக்கில் பட்டால் போகாது.

நோன்பு நடுவில் இராகுலன் வந்தான். அன்புவழிபுரத்துக்காரன், வங்கியில் வேலை, ஓய்வு நேரத்தில் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவன். வரிசையில் நின்று பெற்றோல் அடித்துப் பாலம் தாண்டி வந்திருந்தான். நல்ல பொடியன், மரியாதையாகக் கதைத்தான். குப்பையிலிருந்து கரண்ட் எடுக்கிற மனிதர் என்று உங்களைப் பற்றி ஒரு வீடியோ போடப்போகிறேன் என்றதும் றுமைஸ் உள்ளே போய்ப் புது சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தான். றுஷ்தா அன்று வீட்டில் இல்லை. மூதூரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அன்று காலையில்தான் போயிருந்தாள், மறுநாள் வருவதாகச் சொல்லி. போகும்போது ஒன்றுதான் சொன்னாள்: பிரீசர் நிறைந்து இருக்கிறது, சனூஸா டீச்சர் வீட்டு நோன்பு திறப்புக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கமராவை வைத்ததும் இராகுலன் முகம் சுளித்தான். ஏதோ உறுமுகிறது, கதைப்பது தெளிவாக விழாது என்றான். பிரீசர்தான். கொஞ்ச நேரம்தானே என்று றுமைஸ் பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய இடத்தில் இன்னொரு நீட்டு வயரைக் குத்தி, அதிலும் போன்களைப் போட்டான். படத்துக்கு அது நன்றாக இருந்தது. பிறகு கமராவைப் பார்த்து, கூச்சமே இல்லாமல் சொன்னான்:

"என்ட மனிசிட பிரீசரும் இதிலதான் ஓடுது. ஒரு நிமிசமும் நிக்கிறல்ல."

வீடியோ முடிய அசர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. கடற்கரையில் ஒரு துண்டு எடுப்போம் என்று இராகுலன் கூப்பிட்டான், போனான். பள்ளிவாசலில் நோன்பு திறந்தான், இரவில் தறாவீஹ் தொழுதான், எல்லாரும் வீடியோ எப்போது வரும் என்று கேட்டார்கள், பதில் சொல்லிச் சொல்லி நேரம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து விழுந்து படுத்தான். கரண்ட் வந்தது, போனது, வந்தது. சுவரில் குத்தியிருந்தால் அது வந்த நேரமாவது பிரீசர் ஓடியிருக்கும். பிளக் நிலத்தில் கிடந்தது.

காலையில் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனவனுக்கு அந்த அமைதிதான் முதலில் உறைத்தது. மூடியைத் திறந்தான். அடியில் தண்ணீர் நின்றது. மேலே கிடந்த பக்கெட்டை அமத்தினான், விரல் உள்ளே போனது. சித்திரை மாதத்துக் கிண்ணியாச் சூட்டில் ஒரு பகலும் ஒரு இரவும் அவை அப்படியே கிடந்திருக்கின்றன.

மணந்து பார்த்தான். மிளகும் வெங்காயமும்தான் மணத்தது. வாயில் வைத்துப் பார்க்க ஏலாது, நோன்பு. அந்த நோன்பையே அவன் தனக்குச் சாட்டாக எடுத்துக்கொண்டான். ருசி தெரியாது, ஆகவே கெட்டது என்றும் தெரியாது. பிளக்கைப் பெட்டியில் குத்தினான். தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தான். றுஷ்தா பின்னேரம் வர முன்னம் எல்லாம் திரும்ப உறைந்துவிட்டன. இரண்டு பக்கெட்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தான். கல்லுப் போலச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மனதைத் தேற்றிக்கொண்டான், மடையன். ஐஸ் எதையும் திருத்துவதில்லை, மறைக்கத்தான் செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா? செத்த செல்லையும் சார்ஜ் ஏற்றினால் கொஞ்ச நேரம் நல்ல செல் மாதிரி நடிக்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் அவன்.

றுஷ்தா தங்கையின் பிள்ளையைத் தூக்கிய சந்தோஷத்தோடு வந்தாள். பிரீசரைத் திறந்தவள், பக்கெட்டுகள் ஒட்டிக் கோணலாய்க் கிடப்பதைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டாள். இடம் மாற்றி அடுக்கினேன், சரியாக அடுக்கத் தெரியவில்லை என்றான். அவள் சிரித்தாள். உங்களுக்குப் பெட்டரியைத் தவிர என்ன அடுக்கத் தெரியும் என்றாள். அந்த நிமிஷத்தில்கூட அவனால் சொல்லியிருக்க முடியும். ஆனால் போனில் அப்போதுதான் வீடியோ வந்திருந்தது. அவள் அதைத் தன் உம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வேறு மாதம் என்றால் கொடுக்கும் முன் அவள் ஒன்றைப் பொரித்து வாயில் வைத்துப் பார்ப்பாள். நோன்பில் அது முடியாது. டீச்சர் வீட்டிலும் முடியாது. பொரித்து, அடுக்கி, பாங்கு சொல்லும்வரை குடும்பம் முழுவதும் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தவர்கள் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு முதலில் கடித்தது றுஷ்தாவின் ரோல்ஸை.

மறுநாள் விடிந்தபோது டீச்சர் வீட்டில் பெரும்பாலோருக்கு வயிற்றாலடியும் வாந்தியும். டீச்சரின் வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து சேலைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் கதைக்கவும் ஏலாமல் கிடந்து, அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் செய்தி அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. றுஷ்தாவிடம் வாங்காதீர்கள், பழுதான இறைச்சி என்று யாரோ வட்ஸப்பில் எழுத, குழுவுக்குக் குழு ஓடியது. அதை வாசித்த போன்களில் பாதி றுமைஸின் விறாந்தையில் சார்ஜ் ஏறியவை. பெருநாளைக்குச் சொல்லி வைத்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். சிலர் அதைக்கூடச் சொல்லவில்லை. வீடியோவின் கீழே மட்டும் பாராட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன.

றுஷ்தா அழவில்லை, அதுதான் அவனைக் கொன்றது. இறைச்சி வாங்கிய நாளை யோசித்தாள், கை கழுவியதை யோசித்தாள், பலகையை வெயிலில் போட்டாளா என்று யோசித்தாள். தன்னைத்தானே விசாரித்துக்கொண்டே குசினியைச் சுரண்டிக் கழுவினாள்.

வாப்பா வீட்டுக்கு வந்த பிறகு சனூஸா டீச்சரே நேரில் வந்தார். சண்டைக்கு வரவில்லை. முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"மறைக்காமச் சொல்லு மகள். கரண்ட் கட் நேரம் பிரீசர் நிண்டிச்சா? அப்பிடியெண்டா அது உன்ட பிழையில்ல. நானே எல்லாருக்கும் சொல்றன்."

றுஷ்தாவுக்கு இந்தப் பழியிலிருந்து வெளியே வரும் வழி அது ஒன்றுதான். டீச்சர் சொன்னால் ஊர் கேட்கும். றுமைஸ் விறாந்தையில் தன் மேசையடியில், ஈயம் ஒட்டுகிற கோலைக் கையில் பிடித்தபடி இருந்தான். றுஷ்தா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல டீச்சர். பொய் சொல்லித் தப்ப ஏலாது. இவர் இராப்பகலா இருந்து அந்தப் பெட்டியச் செஞ்சி தந்தவர். பிரீசர் ஒரு நிமிசமும் நிக்கல்ல. என்ட கையிலதான் எங்கயோ பிழை நடந்திரிக்கு."

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "அப்பிடியா தம்பி?"

தெரு, ஹாஜிமார், களஞ்சியம், கமரா எல்லாம் அவன் தொண்டைக்குள் வந்து நின்றன. ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"ஓம்."

டீச்சர் பெருமூச்சு விட்டு எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் றுஷ்தா பிரீசரின் பிளக்கைத் தானே கழற்றினாள். இனி இது எனக்குத் தேவைப்படாது, யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றாள். மிச்சமிருந்த பக்கெட்டுகளை வளவின் மூலையில் புதைக்கவேண்டும், பூனை நாய் தின்றால் பாவம் என்றாள். றுமைஸ் மண்வெட்டியால் கிடங்கு வெட்டினான். அவள் ஒவ்வொரு பக்கெட்டாகக் கிழித்து உள்ளே கொட்டினாள். இரவிரவாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருட்டியவை. பாதியில் அவனால் முடியவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குந்தி இருந்து விம்மி அழுதான்.

அவள் மாவு படிந்த கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து அவன் முதுகில் வைத்தாள்.

"நீங்க ஏன் அழுறீங்க? உங்கட பெட்டி ஒரு பிழையும் விடல்லையே."