எத்தனையாவது ஆணியில் மாமா

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் புதன்கிழமை, அலுவலக நிர்வாகம் படிக்கும் மாலை வகுப்புக்கு நான் போகவில்லை. கூடத்தை ஒழித்துவைக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்திருந்தாள். என்னை நம்பி அவள் ஒரு வேலையைத் தருவது இதுதான் முதல்முறை. வேறு யாரும் சிக்காததும் காரணமாக இருக்கலாம்.

சனிக்கிழமை அக்கா அஃப்ராகோமாவைப் பெண் கேட்டு, எங்கள் வழக்கப்படி 'கதவு தட்ட', மாப்பிள்ளை நிமாகோவின் வீட்டார் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் இரண்டு ஷ்னாப்ஸ் மது பாட்டில்களை வாங்கிக்கொள்ள வேண்டியவர் எங்கள் தாய்மாமன் சார்ஃபோ. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டலாம். மாமா எழுந்து போய்விட்டால் பாட்டிலும் போய்விடும், மாப்பிள்ளையும் போய்விடுவான்.

மாமா எழுந்து போகக்கூடியவர்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஈஸ்டருக்குக் கூடத்தைக் கழுவிவிட்டுப் படங்களை ஞாபகத்தில் இருந்தபடி திரும்ப மாட்டினோம். மாமாவின் படம் ஃபிரிட்ஜுக்கு மேலே போய்விட்டது. மாமா வந்தார், பார்த்தார், நின்றபடியே தண்ணீர் குடித்தார். "என்னை மீனுக்குக் காவல் வெச்சிருக்கீங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனவர், எட்டு மாதம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

ஆகவே இந்த முறை ஞாபகத்தை நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன். மறக்கக்கூடியது எதுவோ அதற்கு எண் கொடு என்று மாலை வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறார்கள். வாசல் கதவிலிருந்து தொடங்கினேன். சர்ச் காலண்டர் ஒன்று. கடிகாரம் இரண்டு. போலீஸ் உடுப்பில் அப்பா மூன்று. அப்பா அம்மா கல்யாணப் படம் நான்கு. நடுச்சுவரில் மாமா ஐந்து. அக்காவின் பட்டமளிப்பு ஆறு. அம்மாவின் தையல் சங்கச் சான்றிதழ் ஏழு. ஃபிரிட்ஜுக்கு மேல் என் ஞானஸ்நானப் படம் எட்டு. ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் எண்ணை எழுதினேன். அதே எண்ணைச் சுவரில் அந்தந்த ஆணிக்கு மேலேயும் எழுதினேன். யார் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடாது என்று தடித்த கறுப்பு மார்க்கரால், உள்ளங்கை அகலத்துக்கு.

வியாழக்கிழமை மாஸ்டர் டொன்கோரும் அவருடைய கூட்டாளி ஓஃபேயும் வந்தார்கள். மாஸ்டர் சோபாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மேடம், சோபாவை மூட பிளாஸ்டிக் எடுத்து வைங்கன்னு சொல்லியிருந்தேன். இங்க சோபா பொறக்கும்போதே போட்டுக்கிட்டு வந்திருக்கு!"

"ஆறு வருஷமா கிழியாம வெச்சிருக்கேன் மாஸ்டர். அதுமேல ஒரு சொட்டு விழுந்துச்சோ, பாத்துக்குங்க."

"பிளாஸ்டிக்கை மூட இன்னொரு பிளாஸ்டிக் வேணுமா?"

"வேணும்" என்றாள் அம்மா.

அவர்கள் சோபாவை நடுவில் தள்ளி, அம்மாவின் பழைய துணிகளால் போர்த்தினார்கள். மாஸ்டர் கூடத்து விரிசல்களை அடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அதற்குள் ஓஃபே கூடத்துச் சுவரில் ரோலரை ஓட்டத் தொடங்கிவிட்டார். ஒன்று மறைந்தது. இரண்டு மறைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவருக்குப் பெயின்ட் அடித்தால் சுவரில் எழுதியதும் போய்விடும்.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன். அதற்குள் மூன்றும் போயிருந்தது.

அக்கா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எந்த வகுப்புலடி டூஃபி இதைச் சொல்லித் தர்றாங்க? நானும் சேர்ந்துக்கறேன்."

ஓஃபே மீதியையும் மறைத்து முடித்தார். யோசித்துப் பார்த்ததில் சட்டங்களுக்குப் பின்னால் எண்கள் அப்படியே இருந்தன. வாசலிலிருந்து ஆணிகளை எண்ணி மாட்டிவிடலாம். கொஞ்சம் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்குள் வந்தபோது எட்டு எண்களும் திரும்பி வந்திருந்தன. வெண்ணெய் நிறச் சுவரில், மங்கலான சாம்பல் நிறத்தில், அதே உள்ளங்கை அகலத்தில். மாஸ்டர் இன்னொரு பூச்சு அடித்தார். மத்தியானம் அவர் காராமணி போட்ட வாச்சே சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஐந்து முதலில் எட்டிப் பார்த்தது.

"மார்க்கரா?" என்று கேட்டார்.

"ஆமா மாஸ்டர்."

"தங்கச்சி, மார்க்கர் மாமியார் மாதிரி. எத்தனை தடவை மேல பூசினாலும் வெளிய வந்துரும். எண்ணெய் பிரைமர் அடிச்சு ஒரு ராத்திரி காயவிட்டு, அப்புறம் ரெண்டு கோட்டு அடிக்கணும். ஞாயித்துக்கிழமை ஆயிரும்."

"நாளைக்கு ஆள் வர்றாங்க மாஸ்டர்! ஆணியைக் கொஞ்சம் மேல அடிச்சா படம் மறைச்சிராதா?" என்றாள் அம்மா.

"சுத்தியலைத் தொட்டீங்கன்னா, நான் அடைச்ச ஒட்டு மொத்தமும் உங்க சோபா மேல விழும்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண்களைப் பார்த்தாள். பிறகு தரையில் அடுக்கி வைத்திருந்த படங்களைப் பார்த்தாள்.

"அண்ணன் வந்து இதைப் பாத்தா என்ன நினைப்பாரு தெரியுமா? காலண்டர் ஒண்ணாம் நம்பர். கடிகாரம் ரெண்டு. அவரு அஞ்சு!"

அக்கா இப்போது சிரிக்கவில்லை. "கடிகாரத்துக்குக் கீழயாம்மா மாமா? அப்ப என் கல்யாணம் காலண்டர்லதான் நடக்கும்."

இரவெல்லாம் எட்டு எண்களையும் எட்டுப் பொருள்களையும் காகிதத்தில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். எண்களை அசைக்க முடியாது. ஆணிகளையும் அசைக்க முடியாது. படங்களை அசைக்கலாம். இவ்வளவு எளிதாக இருக்குமா என்று சந்தேகமாகவே இருந்தது. விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"மாமாவை ஒண்ணுல மாட்டிரலாம்மா."

"வாசல் பக்கத்துலயா? செருப்புக்குக் காவல்னு சொல்லுவாரு."

"உள்ள வர்றவங்க முதல்ல அவரைத்தானே பாப்பாங்க?"

அம்மா மாமாவின் படத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்பா மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறினார். "பதவி உயர்வு முப்பது வருஷம் கழிச்சு வீட்லதான் கிடைச்சுது" என்றார். கடிகாரம் மூன்றுக்குப் போனது. காலண்டர் ஐந்தில் உட்கார்ந்தது.

மாமா ஒன்பது மணிக்கு, தோளில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார். வாசலைத் தாண்டியவர் நின்றுவிட்டார். தன் படத்தைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த ஒன்று என்ற எண்ணைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தார். அப்பாவின் முன்னால் நின்று, "ரெண்டு" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா கடைசிவரை போய்த் திரும்பினார். அம்மா கையில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். மாமா உட்காராவிட்டால் அக்காவின் காரியம் அவ்வளவுதான்.

"யாரு இந்த நம்பரெல்லாம் போட்டது?"

"நான்தான் மாமா" என்றேன்.

"ஃபிரிட்ஜுக்கு மேல எட்டாம் நம்பர் யாரு?"

"அதுவும் நான்தான் மாமா."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீனைப் பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, சோபாவில் சடசடவென்று பிளாஸ்டிக் சத்தம் எழ உட்கார்ந்தார். அம்மா தண்ணீரைக் கொடுத்தாள். உட்கார்ந்தபடியே குடித்தார்.

சற்று நேரத்தில் வெளியே "அகோ!" என்று உள்ளே வர அனுமதி கேட்கும் குரல் எழுந்தது. வரலாம் என்பதற்கு "அமே!" என்று மாமா தெருவுக்கே கேட்கும்படி பதில் கொடுத்தார். நிமாகோ வீட்டார் உள்ளே வந்தார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவர், உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைக் கண்டோம், அதைக் கேட்டு வந்தோம் என்று நீளமாகப் பேசினார். மாமா இரண்டு பாட்டில்களையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். அக்காவைக் கூப்பிட்டு மூன்று முறை சம்மதம் கேட்டார். மூன்று முறையும் அவள் சரி என்றாள்.

அந்தப் பேச்சாளர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. "ஐயா, இந்த நம்பரெல்லாம்..."

"எங்க வீட்ல அவங்கவங்க இடம் எழுதியே இருக்கும்" என்றார் மாமா. "அப்பதான் சண்டை வராது."

பிறகு கதவோரம் வியர்த்துக்கொண்டு நின்ற நிமாகோவின் பக்கம் திரும்பினார். ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்த சுவரைக் காட்டினார்.

"மாப்பிள்ளை, உனக்கு அங்க. டூஃபி, அந்த மார்க்கரைக் கொண்டா."